கூட்டிட்டுப் பிரிக்கணுமா, பிரிச்சுட்டுக் கூட்டணுமா? எக்செல்ல ரூபாய் - பைசா காலம் (column) கணக்கு

மே 9, இரவு 9.40 – பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

தக்காளி மண்டிக் கணக்கை எக்செல்ல ஏத்தியிருக்கேன். நோட்டுல எப்படி இருந்துச்சோ அப்படியே, ரூபாய்க்கு ஒரு காலம், பைசாவுக்கு ஒரு காலம். அடியில சம் போட்டா ரூபாய் 48,210, பைசா 1,365ன்னு வருது. ஆயிரத்து முந்நூத்தி அறுபத்தஞ்சு பைசாவான்னு கடைப் பசங்க சிரிக்கிறாங்க. இதை ரூபாயோட எப்படிச் சேக்குறது? இன்னொன்னு, சில வரி கூட்டல்ல விழவே மாட்டேங்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணா.

மே 9, இரவு 10.20

முதல் கேள்விக்கு நேர் பதில். ரூபாய் சி காலத்துல, பைசா டி காலத்துல, வரி 2லேர்ந்து 61 வரைக்கும்னு வச்சுக்குவோம். ஃபார்முலா பேரை இங்க தமிழ் எழுத்துல போடுறேன், ஷீட்ல இங்கிலீஷ்ல அடிங்க. சம் (SUM) கூட்டும், இன்ட் (INT) முழு எண்ணை மட்டும் எடுக்கும், மாட் (MOD) வகுத்த மீதியைத் தரும்.

ரூபாய் அடியில: =சம்(சி2:சி61)+இன்ட்(சம்(டி2:டி61)/100)

பைசா அடியில: =மாட்(சம்(டி2:டி61),100)

1,365ஐ நூறால வகுத்தா ஈவு 13, மீதி 65. அந்தப் பதிமூணு ரூபாய்ப் பக்கம் ஏறும். மொத்தம் 48,223 ரூபாய் 65 பைசா. நோட்டுல 65 எழுதிட்டு 13ஐ பென்சில்ல மேலே குறிச்சு வைப்போமே, அதே வேலைதான்.

மே 9, இரவு 10.50

பதில் போட்டுட்டுச் சாப்பிட உக்காந்தேன், மனசு கேக்கல. மேலே சொன்ன ஃபார்முலா சரியாத்தான் வேலை செய்யும். ஆனா ரெண்டு காலத்தை அப்படியே வச்சுக்கிட்டு ஓட்டுங்கன்னு சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

காரணம் ஆள் அடிக்கிற விதம். சீட்டுல 12.50ன்னு இருக்கும். ஒருத்தன் பைசா காலத்துல 50 அடிப்பான். இன்னொருத்தன், 12.5 தானேன்னு 5 அடிப்பான். 12.05 இருந்தா அதுக்கும் 5தான். அம்பது பைசாவும் அஞ்சு பைசாவும் ஒரே மாதிரி உக்காந்திருக்கும், அப்புறம் யார் கண்டுபிடிக்கிறது?

மெஷினும் இதையேதான் செய்யும். ஒரு காலத்துல 12.50ன்னு இருக்கிறதை, புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எழுத்தை நடுவுல வெட்டி எடுக்கிற மிட் (MID) ஃபங்ஷன் வச்சு வெட்டினா 5தான் கிடைக்கும். செல்லுக்குள்ள இருக்கிற எண் 12.5, பின்னாடி தெரியிற சைபர் வெறும் அலங்காரம். 12.05ஐ வெட்டினா "05" வரும், அதை எண்ணாக்கினா திரும்பவும் 5. அதனால பணத்தைப் புள்ளி இடத்துல எழுத்து மாதிரி வெட்டவே வெட்டாதீங்க.

என் ஏற்பாடு: தொகையை ஒரே காலத்துல முழுசா அடிக்கணும். 812.50ன்னா 812.50. கூட்டல் அந்த ஒரே காலத்துல. பிரிக்கிறது அச்சடிக்கிற இடத்துல, பாக்குறவங்க கண்ணுக்காக மட்டும்.

மே 10, காலை 6.10

ரெண்டாவது கேள்வி, கூட்டல்ல விழாத வரி. அது எண் இல்லை, எழுத்து. சம் ஃபங்ஷன் எழுத்தைப் பாத்தா சத்தமே போடாமத் தாண்டிப் போயிடும். அதுதான் ஆபத்து. சி2+சி3ன்னு கூட்டல் குறி போட்டுக் கூட்டியிருந்தா, எண்ணா மாத்த முடியாத எழுத்துக்கு #VALUE!ன்னு பிழை காட்டியிருக்கும், நீங்களும் முழிச்சிருப்பீங்க.

சோதனை: ஒரு மூலையில =கவுன்ட்ஏ(சி2:சி61) போடுங்க, பக்கத்துல =கவுன்ட்(சி2:சி61). முதலாவது காலியில்லாத எல்லாச் செல்லையும் எண்ணும், ரெண்டாவது எண் இருக்கிறதை மட்டும். 60, 57ன்னு வந்தா மூணு வரி எழுத்தா கிடக்குது. நான் எந்த ஷீட்டை வாங்கினாலும் கூட்டலைப் பாக்குறதுக்கு முன்னாடி இதைத்தான் பாப்பேன்.

எழுத்தா எப்படி ஆகுது? "450/-" அடிச்சிருப்பாங்க. பின்னாடி ஒரு இடைவெளி ஒட்டியிருக்கும். வெப்பிலிருந்து காப்பி பண்ணினா சாதா இடைவெளி மாதிரியே தெரியிற, ஆனா இடைவெளி நீக்குற ட்ரிம் (TRIM) போட்டாலும் போகாத ஒண்ணு வரும், அதோட எண் 160. =வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(சி2,கேர்(160),"")) போட்டாத்தான் (VALUE, SUBSTITUTE, CHAR) அதுவும் போகும், எழுத்தும் எண்ணாகும்.

எல்லாத்துலயும் பொல்லாதது "ரூ.450". முன்னாடி ஒட்டியிருக்கிறதை எடுத்துடலாம்னு "ரூ"வை மட்டும் தேடி அழிச்சா என்ன மிஞ்சும்? ".450". அது 45 பைசா! இந்தத் தடவை அது எழுத்தும் இல்லை, நல்ல எண். கவுன்ட்டுல விழும், சம்முல விழும், யாருக்கும் சந்தேகம் வராது. அதனால புள்ளியோட சேத்து "ரூ."ன்னு தேடி அழிங்க. ரூபாய்க் குறி வேணும்னா செல் ஃபார்மேட்ல ₹ வச்சுக்குங்க. அது 2010லயே வந்தாச்சு, இன்னும் தொகைக்குள்ள ரூ.ன்னு அடிக்கிற பழக்கம் போகல. பில்லுல அடிங்க, நானும் அடிக்கிறேன். கூட்டுற செல்லுல வேண்டாம்.

மே 12, பிற்பகல் 3.00

தர்மபுரியிலிருந்து ஒரு தம்பி, "ஒரே காலத்துல வச்சுட்டு, இன்ட் போட்டா ரூபாய், மீதியை நூறால பெருக்கி இன்ட் போட்டா பைசா, இவ்வளவுதானே அண்ணா"ன்னு எழுதியிருக்காரு. தம்பி, ஒரு நிமிஷம். ஏ2வில 1234.35 அடிச்சு, பக்கத்துல =இன்ட்((ஏ2-இன்ட்(ஏ2))*100) போட்டுப் பாரு.

34 வரும். 35 வராது.

1234.10 போட்டா 9 வரும். 1234.20 போட்டா சரியா 20. 1234.30 போட்டா 29. 1234.25, 1234.50, 1234.75 மூணும் எப்பவும் சரியா வரும். மாயமந்திரம் இல்லை, காரணத்தை ராத்திரி எழுதுறேன், லோடு வந்திருக்கு.

அவசரத்துக்கு மருந்து மட்டும்: பிரிக்கிறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் பைசாவா மாத்தி ரவுண்ட் பண்ணிடு. =ரவுண்ட்(ஏ2*100,0). இதை பி2ன்னு வச்சுக்க. அப்புறம் ரூபாய் =கோஷன்ட்(பி2,100) (QUOTIENT, வகுத்த ஈவு), பைசா =மாட்(பி2,100). முழு எண்ணுல பிசகு கிடையாது.

மே 12, இரவு 11.15

சொன்ன காரணம். கம்ப்யூட்டர் பின்னத்தை நம்ம மாதிரி பத்துப் பத்தா வச்சிருக்கல. பாதி, பாதியில பாதி, அதுல பாதின்னு போகுது. எக்செல், லிப்ரெ ஆபீஸ் ரெண்டுமே 1985ல வந்த ஐஇஇஇ 754ங்கிற முறையிலதான் எண்ணை வைக்குது. நம்ம ஊர்ப் பழைய வாய்ப்பாட்டுல சொன்னா அரை, கால், அரைக்கால், மாகாணி. அரையில பாதி கால், காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி மாகாணி, அதாவது பதினாறுல ஒண்ணு. இந்த வழியில வர்ற காசு எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள துளி பிசகாம உக்காரும். 25 பைசா கால், 50 பைசா அரை, 75 முக்கால். அதான் அது மூணும் சரியா வந்துச்சு.

மா, இருமான்னு இன்னொரு வழி இருக்கு. மா இருபதுல ஒண்ணு, இருமா பத்துல ஒண்ணு. அஞ்சு பைசா ஒரு மா, பத்து பைசா இருமா. பாதி பாதியா வெட்டிக்கிட்டே போனா இருபதுல ஒண்ணு எந்தக் காலத்துலயும் சரியா அமையாது. பக்கத்துல இருக்கிற எண்ணை எடுத்து வச்சுக்கும். அது ஒரு நூல் மேலேயும் இருக்கலாம், ஒரு நூல் கீழேயும் இருக்கலாம். 1234.35ல கீழே விழுந்துடுச்சு: உள்ளே இருக்கிற பைசா 34.99999999999. இன்ட்டுக்கு இரக்கம் கிடையாது, 34ன்னு வெட்டிடுச்சு. 1234.20ல ஒரு நூல் மேலே நின்னதால தப்பிச்சுது.

இதுல எனக்குச் சிரிப்பு வர்றது என்னன்னா, அணாக் காலத்துலயே இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணா ஒரு மாகாணி. அரையணா முப்பத்திரெண்டுல ஒண்ணு. காலணா அறுபத்து நாலுல ஒண்ணு. எல்லாம் பாதி பாதி. பை மட்டும்தான் உதைக்கும், ரூபாய்க்கு 192 பை, அதுல மூணு கலந்திருக்கே.

மே 13, காலை 5.50

அணா பேச்சு எடுத்ததும் தூக்கம் போச்சு. மண்டியில அலமாரி மேல் தட்டுல பழைய பேரேடு ஒண்ணு கிடக்குது, மூணு கோடு போட்டது, ரூ - அ - பை. பை பன்னெண்டு சேர்ந்தா அணா ஏறணும், அணா பதினாறு சேர்ந்தா ரூபாய் ஏறணும். ரெண்டு விதமான ஏத்தம், காலத்துக்கு ஒரு விதி. அதை மனசுலேயே கூட்டினவங்களுக்கு இந்தக் காலத்துல உக்காந்து ஃபார்முலா சொல்றோம்.

1957 ஏப்ரல் 1ல நூறு நயா பைசா வந்துச்சு. ஒரு அணா கணக்குப்படி 6.25 நயா பைசா. கால் பைசா காசு கிடையாது, அதனால மாத்துப் பட்டியல்ல ஒரு அணாவுக்கு 6, ரெண்டுக்கு 12, மூணுக்கு 19, நாலுக்கு 25ன்னு வச்சாங்க. இப்பப் பாருங்க: ஒரு அணா சாமான் பதினாறு. ஒவ்வொண்ணா மாத்திக் கூட்டினா 96. மொத்தமா கூட்டி ஒரு ரூபாயாக்கி மாத்தினா 100. நாலு பைசா எங்க போச்சு? எங்கேயும் போகல. முதல்ல கூட்டினீங்களா, முதல்ல வெட்டினீங்களாங்கிறதுல இருக்கு. இந்த இழையில நாம அடிச்சுக்கிறது பூரா அந்தப் பழைய சண்டைதான்.

மே 15

குறிப்பு: மைனஸ் தொகை இருக்கிற வரிக்கு இன்ட் போடாதீங்க. =இன்ட்(-12.35) போட்டா -13 வரும், மாட் போட்டா 0.65 வரும். கூட்டினா -12.35, கணக்கு நேர்தான், ஆனா சீட்டுல "-13 ரூபாய் 65 பைசா"ன்னு அச்சானா யாருக்குப் புரியும்? கோஷன்ட், ட்ரங்க் (TRUNC) ரெண்டும் சைபரை நோக்கி வெட்டும், -12 தரும். அதுலயும் ஒரு ஓட்டை. -0.50ஐ பிரிச்சா ரூபாய் 0. சைபருக்கு மைனஸ் எங்க போடுறது? பைசா பக்கம் மைனஸ் போட மறந்தா பாக்கி வரவாயிடும். நான் மைனஸை நீக்குற ஏபிஎஸ் (ABS) போட்டுப் பிரிச்சுட்டு, "பற்று / வரவு"ன்னு தனியா ஒரு காலம் வச்சுடுவேன்.

மே 19, இரவு

தர்மபுரியில பட்டுக்கூடு போடுற விவசாயி ஒருத்தர் தனியா எழுதிக் கேட்டாரு, இங்கேயே எழுதிடறேன், எல்லாருக்கும் ஆகும். "தராசு கிராம் வரைக்கும் காட்டுது. மூணு லாட்டு. ஷீட்ல ஒவ்வொரு தொகையும் சரியா இருக்கு, மொத்தம் மட்டும் ஒரு பைசா கூட வருது. நான் கையில கூட்டினா அது வரல."

அவர் அனுப்பினதை ஒட்டி நானே ஒரு உதாரணம் போட்டேன். விலை கிலோ 412ன்னு வைங்க.

12.347 கிலோ: 5,086.964. செல்லுல தெரியிறது 5,086.96.
9.812 கிலோ: 4,042.544. தெரியிறது 4,042.54.
15.662 கிலோ: 6,452.744. தெரியிறது 6,452.74.

தெரியிறதைக் கையில கூட்டினா 15,582.24. சம் போட்டா உள்ளே இருக்கிற முழு எண்ணைக் கூட்டுது, 15,582.252. அதைக் காட்டும்போது 15,582.25.

யார் பக்கம் நியாயம்? கணக்கு வாத்தியாரைக் கேட்டா ஷீட் பக்கம்னுவாரு, உள்ளே இருக்கிறதுதான் நிஜம்னு. நான் விவசாயி பக்கம். சீட்டை வாங்கினவரு சைக்கிள் பக்கத்துல நின்னு விரல் விட்டுக் கூட்டுறாரு. காகிதத்துல இருக்கிற மூணு எண்ணைக் கூட்டினா காகிதத்துல இருக்கிற மொத்தம் வரணும். வரலேன்னா அவருக்கு ஒரு பைசா கவலை இல்லை, "இதுலயே வரலேன்னா தராசுல எப்படியோ"ன்னு போகும் யோசனை. மண்டியில பிழைக்கிறவனுக்கு அந்த யோசனை வர விடக்கூடாது.

ஆக, வரிக்கு வரி =ரவுண்ட்(எடை*விலை,2). ஃபார்மேட்ல ரெண்டு இலக்கம்னு வைக்கிறது ரவுண்ட் ஆகாது, அது வெறும் பார்வை. வரியிலேயே ரவுண்ட் போட்டப்புறம் சம். அப்ப தெரியிறதும் உள்ளே இருக்கிறதும் ஒண்ணாயிடும்.

"மே 9ல கூட்டிட்டு அப்புறம் பிரின்னு சொன்னீங்க, இப்ப வரியிலேயே வெட்டச் சொல்றீங்களே"ன்னு கேப்பீங்க. கேளுங்க. ரூபாய் - பைசான்னு பிரிக்கிறது கூட்டினதுக்கு அப்புறம். பைசாவுக்குக் கீழே இருக்கிறதை வெட்டுறது கூட்டுறதுக்கு முன்னாடி. கொடுக்கவே முடியாத காசைக் கூட்டி என்ன செய்யப் போறோம்?

மே 21

"பைசாவே இல்லாத ஊருல எதுக்கய்யா பைசா காலம்"னு போச்சம்பள்ளிக்காரர் ஒருத்தர். கைக்காசுக்கு அவர் சொல்றது சரி. 25 பைசாவும் அதுக்குக் கீழே இருக்கிறதும் 2011 ஜூன் 30லேர்ந்து செல்லாது. 50 பைசா சட்டப்படி இன்னும் செல்லும், ஞாயித்துக்கிழமை உங்க சந்தையில கொடுத்துப் பாருங்க, மூஞ்சியைப் பாப்பாங்க. ஆனா பேங்குல போற பணத்துக்குப் பைசா இருக்கு. கிலோ விலையில இருக்கு. வரியில இருக்கு.

வரின்னதும் ஒண்ணு. ஜிஎஸ்டி சட்டத்துல 170வது பிரிவு, கட்டுற வரித்தொகையைக் கிட்ட இருக்கிற ரூபாய்க்கு முழுசாக்கச் சொல்லுது, அம்பது பைசாவும் அதுக்கு மேலேயும் இருந்தா மேல் ரூபாய், குறைஞ்சா விட்டுடலாம். பில்லுல மத்திய வரி, மாநில வரின்னு ரெண்டு காலம் வரும் இல்லையா, அங்க 18 சதவீதத்தைப் போட்டுட்டு ரெண்டா பிளக்காதீங்க. 250.50க்கு 18 சதவீதம் 45.09. பாதி 22.545, ரெண்டு பக்கமும் ரவுண்ட் ஆகி 22.55, 22.55. கூட்டினா 45.10. ஒம்பது ஒம்பதா தனித்தனியாப் போட்டு, ரவுண்ட் பண்ணி, அந்த ரெண்டையும் கூட்டினதே மொத்த வரி. 45.09ஐ பில்லுல எங்கேயும் காட்டாதீங்க, சண்டை வரும்.

மே 26, மழை, கரண்ட் இல்லை, போன்ல அடிக்கிறேன்

சந்தூர்லேர்ந்து வண்டி வாடகைக் கேள்வி. ஏழு பேர் சேர்ந்து ஒரு வண்டியில செந்தூரா, தோத்தாபுரி மாங்காய் ஏத்துறாங்க. வாடகை 2,500, சம பங்கு. ஏழால வகுத்து ரவுண்ட் போட்டா ஆளுக்கு 357.14. ஏழு பேரையும் கூட்டினா 2,499.98. ரெண்டு பைசா காணோம்.

சாதாரண வழி: ஆறு பேருக்கு 357.14, கடைசி ஆளுக்கு மொத்தத்துல கழிச்சு மிச்சம். அவர் தலையில 357.16. ரெண்டு பைசாதான், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அறுபது பேருக்குப் பிரிக்கும்போது கடைசி ஆள் தலையில முப்பது பைசா வரைக்கும் ஏறும், தினமும் அதே ஆள் கடைசியில இருந்தா அவர் கேப்பாரு.

எனக்குப் பிடிச்ச வழி வேற. ஒவ்வொரு வரிக்கும், அதுவரைக்கும் சேர வேண்டியதை ரவுண்ட் பண்ணி, அதுவரைக்கும் போட்டதைக் கழிக்கணும். ரெண்டாவது ஆள் வரைக்கும் சேர வேண்டியது 714.2857, ரவுண்ட் 714.29, முதல் ஆளுக்குப் போட்டது 357.14, ஆக ரெண்டாவது ஆளுக்கு 357.15. இப்படியே போனா ரெண்டாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் 357.15, மத்தவங்களுக்கு 357.14. கூட்டினா அச்சா 2,500.00. எத்தனை பேர் வந்தாலும் எந்த ஆள் தலையிலயும் ஒரு பைசாவுக்கு மேல ஏறாது. =ரவுண்ட்(2500*வரிசைஎண்/7,2)-சம்(மேலே போட்டதெல்லாம்). பெட்டிக் கணக்குல பிரிக்கணும்னா வரிசை எண் இடத்துல அதுவரை சேர்ந்த பெட்டி, ஏழுக்குப் பதிலா மொத்தப் பெட்டி.

ஜூன் 2, இரவு 8.30

இவ்வளவு நேரம் கூட்டிட்டுப் பிரிங்கன்னு கத்திக்கிட்டிருந்தேன். நேர் எதிரா இருக்கிற இடம் ஒண்ணு இருக்கு: கூலி நாள்.

சனிக்கிழமை கூலி ரொக்கமாக் கொடுக்கணும். பேங்குல என்னென்ன நோட்டு எத்தனை கேக்குறது? ஷீட்ல 500, 200, 100, 50, 20, 10ன்னு ஆறு காலம் போட்டுக்குங்க. 500க்கு =இன்ட்(ஏ2/500), மீதியை 200ஆல, அப்புறம் 100ஆல, அப்படியே. (பழைய ஷீட்ல 2000க்கு ஒரு காலம் இருக்கும், 2023 மே மாசம் அந்த நோட்டைத் திரும்ப வாங்குறோம்னு ரிசர்வ் பேங்க் சொன்னப்பவே நான் அதை எடுத்துட்டேன். 200 காலம் 2017ல நுழைஞ்சது.)

மூணு பேர் மட்டும் எடுத்துக்குவோம். 650, 780, 650. மொத்தம் 2,080. இந்த மொத்தத்தைப் பிரிச்சா நாலு 500, ஒரு 50, ஒரு 20, ஒரு 10. பேங்குல சுலபமாக் கொடுத்துடுவாங்க. மண்டிக்கு வந்து பங்கு போடுங்க பாப்போம். முதல் ஆளுக்கு 650 கொடுக்க 500, 50, அப்புறம் நூறுக்கு எங்க போறது?

ஆளுக்கு ஆள் பிரிக்கணும். 650: ஒரு 500, ஒரு 100, ஒரு 50. 780: ஒரு 500, ஒரு 200, ஒரு 50, ஒரு 20, ஒரு 10. அப்புறம் காலம் காலமாக் கூட்டணும்: 500 மூணு, 200 ஒண்ணு, 100 ரெண்டு, 50 மூணு, 20 ஒண்ணு, 10 ஒண்ணு. பெருக்கிக் கூட்டினா அதே 2,080. தொகை ஒண்ணு, கட்டு வேற.

தொகைன்னா கூட்டிட்டுப் பிரி. நோட்டுன்னா பிரிச்சுட்டுக் கூட்டு. ஏன்னா ஒரு ரூபாய் இன்னொரு ரூபாய்ல கரையும், ஒரு ஐந்நூறு நோட்டை ரெண்டு பேர் கையில வைக்க முடியாது.

அடியில ஒரு சரிபார்ப்பு வரி கட்டாயம் போடுங்க: மேலே நோட்டு மதிப்பு, கீழே எண்ணிக்கை, =சம்ப்ராடக்ட்(ரெண்டு வரியும்). சம்ப்ராடக்ட் (SUMPRODUCT) ஜோடி ஜோடியாப் பெருக்கிக் கூட்டும். அது கூலி மொத்தத்தோட ஒத்துவரலேன்னா பேங்குக்கே கிளம்பாதீங்க.

ஜூன் 2, இரவு 9.05

காவேரிப்பட்டினத்துக்காரர் கேட்டது நல்ல கேள்வி: "பத்து ரூபாய் நோட்டே கிடைக்காத வாரம் என்ன பண்றது?" 10 காலத்தைத் தூக்கிட்டா ஃபார்முலா மாட்டிக்கும். 60 ரூபாய் பாக்கின்னா அது முதல்ல 50ஐ எடுக்கும், 10 மிஞ்சும், வழி இல்லை. ஆள் பாத்தா உடனே மூணு இருபதுன்னு எடுப்பான். பெரிய நோட்டுலேர்ந்து இறங்கி வர்ற முறை எப்பவும் செல்லும்னு நினைக்காதீங்க, 10 காலம் இருக்கிற வரைக்கும்தான்.

என் வழி: நூறுக்குக் கீழே இருக்கிற மீதியில பத்து இடம் ஒத்தைப்படையா இருந்தா (10, 30, 50, 70, 90) 50ஐ எடு, இரட்டைப்படையா இருந்தா (20, 40, 60, 80) 50ஐத் தொடாதே, எல்லாம் 20ல. 10ம் 30ம் அப்பவும் நிக்கும். 30க்கு அந்த ஆளோட ஒரு நூறை உடைச்சு 130ஐ 50, நாலு இருபதுன்னு கொடுக்கலாம், 110ஐ 50, மூணு இருபதுன்னு. ஃபார்முலாவா எழுதலாம், எழுதியும் பாத்தேன், படிக்கிறவன் பயந்துடுவான். அந்த வாரம் மட்டும் கையில மாத்திடுங்க.

பத்து ரூபாய்க் காசு வாங்கிக்க மாட்டேங்கிறாங்கன்னு யாராவது எழுத ஆரம்பிக்காதீங்க. செல்லும்னு ரிசர்வ் பேங்க் பல தடவை சொல்லியாச்சு. அது தனி ராமாயணம்.

ஜூன் 9

லட்சக் கமா. மொத்தம் 1,25,000ன்னு வராம 125,000ன்னு வருதுன்னு மூணு பேர். விண்டோஸ் ரீஜியன் அமைப்புல இந்தியாவை வச்சு, இலக்கம் பிரிக்கிற இடத்துல 12,34,56,789 மாதிரியைத் தேர்ந்தெடுத்தா எல்லா ஷீட்டுக்கும் சரியாயிடும். அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல திறந்தாலும் அப்படியே தெரியணும்னா கஸ்டம் ஃபார்மேட்:

[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00

இதுல ஒரு குறை. நிபந்தனை ரெண்டுதான் வைக்க முடியும். மைனஸ் லட்சம் மூணாவது பகுதியில விழுந்து -125,000.00ன்னு பழையபடி வரும். முன்பணம் அதிகமா வாங்கினவங்க கணக்கு மைனஸ்ல நிக்கும் இல்லையா, அந்தக் காலத்துக்கு மட்டும் மாத்தி எழுதின இன்னொரு ஃபார்மேட் போடுங்க:

[<=-10000000]-##\,##\,##\,##0.00;[<=-100000]-##\,##\,##0.00;##,##0.00

போட்டுட்டு ஒரு -1,25,000 அடிச்சுப் பாருங்க. சில பதிப்புல மைனஸ் ரெண்டு தடவை வரும், வந்தா நான் எழுதின மைனஸை எடுத்துடுங்க.

ஜூன் 10, காலை

பாலக்கோட்டுக்காரர் பதில் போட்டிருக்காரு. ஒரே காலத்துக்கு மாறிட்டாராம், ஆனா அவங்கப்பாவுக்கு ரூபாய் ஒரு கோட்டுலயும் பைசா ஒரு கோட்டுலயும் இல்லேன்னா படிக்கவே வரமாட்டேங்குதாம்.

அதுக்கு எதுக்கு மகனும் அப்பாவும் சண்டை? தொகைக் காலம் ஒண்ணு, அதுல மட்டும் அடி. பக்கத்துல பைசாவாக்கின காலம் ஒண்ணு, அதை மறைச்சு வை. அதுலேர்ந்து ரூபாய், பைசா ரெண்டு காலம். பைசாவுக்கு =டெக்ஸ்ட்(மாட்(பி2,100),"00") போட்டா 5 பைசா 05ன்னு நிக்கும், அப்பா கண்ணுக்கு 50 ஆகாது. அந்தக் காலம் இனி எழுத்து, அதைக் கூட்டக் கூடாது. மொத்த வரியிலயும் மறைச்ச காலத்தைக் கூட்டி, அந்த மொத்தத்தையே திரும்பப் பிரி. பிரிண்ட் ஏரியாவுல பேர், பெட்டி, ரூபாய், பைசா மட்டும். ஃபார்முலா இருக்கிற செல்லை லாக் பண்ணி ஷீட்டைப் புரொடக்ட் பண்ணிடு, இல்லேன்னா யாராவது மொத்தத்து மேலேயே ஒரு எண்ணை அடிச்சு வச்சுடுவாங்க.

தேங்காய் எண்ணும்போது கூடுதலா விடுற லாபத் தேங்காயைக் கழிக்கிறது எப்படின்னு பர்கூர்க்காரர் கேட்டிருக்காரு. அது பணம் இல்லை, எண்ணிக்கை, தனி இழை போடுங்க. மாங்காய் சீசன் முடியட்டும், வர்றேன்.